பூனை ஓட ஐரிஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரை அடிக்கு ஒரு ஐரிஸ் கிழங்கை நட்டுவிட்டு, "பாத்தி எப்படி நிறைஞ்சிருக்கு பாருங்க" என்று வாட்ஸப்பில் போட்டோ அனுப்புகிற கூட்டத்துக்கு எதிரான பதிவு இது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் என் நண்பர்கள். மீதிப் பேர் எங்கள் குடியிருப்பிலேயே எதிர் வீட்டிலும் மேல் வீட்டிலும் இருக்கிறார்கள். படித்துவிட்டுக் கோபித்துக் கொண்டால் வந்து ஒரு காபி சாப்பிட்டுவிட்டுக் கோபித்துக் கொள்ளுங்கள் :)

நான் வங்கி ஆள். படித்தது பி.காம். தாவரவியல் தெரியாது. ஆனால் இந்த விஷயத்துக்குக் கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். அது கூடப் போடாமல் செலவு செய்கிறார்களே என்பதுதான் என் ஆத்திரம்.

ஐரிஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். சிம்லாவில் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முழுக்க பூக்கிற பூ. ஊதா, வெள்ளை, மஞ்சள், இரண்டு நிறம் கலந்தது என்று ஏகப்பட்ட வகை. மூன்று இதழ் மேலே நிமிர்ந்து நிற்கும், மூன்று இதழ் கீழே தொங்கும். தொங்கும் இதழின் நடுவில் மயிர் வரிசை ஒன்று இருக்கும், அதனால் தாடி ஐரிஸ் என்று பெயர். இலை வாள் மாதிரி, விசிறி விரித்தாற்போல் நிற்கும். வானவில்லுக்கான கிரேக்கத் தேவதையின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். இமாச்சல், உத்தராகண்ட், காஷ்மீர் என்று மலைப் பக்கம் எங்கே போனாலும் வீட்டோரம், சாலையோரம், மொட்டைச் சரிவு எல்லாவற்றிலும் பார்க்கலாம். மண்ணில் கிடப்பது கிழங்கு. எடுத்துக் கையில் வைத்தால் இஞ்சி என்றே சொல்வீர்கள்.

மாற்றலாகி வருகிற நம்ம ஊர்க் குடும்பங்கள் முதல் மே மாதத்தில் இதைப் பார்த்து மயங்கிப் போவது சகஜம். மல்லியும் கனகாம்பரமும் இல்லாத ஊரில் இது கிடைத்ததே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். பிரச்சினை அதற்கு அடுத்த செப்டம்பரில் ஆரம்பிக்கிறது, நடவு சமயத்தில்.

ஒரு கொட்டேஷன் கதை

போன வருஷம் எங்கள் ஊழியர் குடியிருப்பில் பொதுப் பாத்திகளுக்கு ஐரிஸ் வைக்க முடிவானது. ஒரு பாத்தி 20 அடி நீளம், 4 அடி அகலம். காண்டிராக்டர் கொடுத்த கொட்டேஷனில் அரை அடிக்கு ஒரு கிழங்கு. அதாவது சதுர அடிக்கு 4. 80 சதுர அடிக்கு 320 கிழங்கு. கிழங்கும் கூலியும் சேர்த்து ஒன்று 60 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள் (உண்மை விலையைச் சொன்னால் எங்கள் செயலாளர் வருத்தப்படுவார்). ஒரு பாத்திக்கு 19,200 ரூபாய்.

நான் கூட்டத்தில் எழுந்து சொன்னது இதுதான். ஒன்றரை அடிக்கு ஒன்று போதும். நாலடி அகலத்தில் மூன்று வரிசை. முதல் வரிசையில் 13, நடு வரிசையில் இடைவெளிக்கு நேராக 12, கடைசி வரிசையில் 13. ஆக 38 கிழங்கு. 2,280 ரூபாய்.

சிரித்தார்கள். "என்ன சார், பாத்தி மொட்டையா இருக்குமே? வழுக்கைத் தலையில சீவின மாதிரி" என்றார் ஒருவர். (என் தலையைப் பார்த்துத்தான் சொன்னார்.) ஓட்டுப் போட்டார்கள். 320 கட்சி ஜெயித்தது. காண்டிராக்டருக்குக் கிழங்கு எண்ணிக்கைக்குத்தான் பணம் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. எண்ணிக்கைக்குக் காசு வாங்குகிறவரிடம் எண்ணிக்கை எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் வேறென்ன சொல்வார்? கடன் வேண்டுமா என்று கடன் விற்கிறவனிடமே யோசனை கேட்பது மாதிரி. நானே அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா!

வாழையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்

ஐரிஸ் எப்படி வளர்கிறது என்பது தெரிந்தால் இடைவெளி எதற்கு என்பது தானாக விளங்கும். நம்மவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வாழை மரம் ஒரு தடவைதான் குலை தள்ளும். அதோடு அதன் கதை முடிந்தது. பக்கத்தில் வருகிற கன்றுதான் அடுத்த குலை. ஐரிஸ் கிழங்கும் அப்படியே. ஒரு கிழங்கு ஒரு முறை பூத்தால் மறுபடி பூக்காது. அதன் விலாவில் இரண்டு பக்கமும் புதுக் கிழங்கு முளைக்கும். அவைதான் அடுத்தடுத்த வருஷம் பூக்கும். வாழையடி வாழை என்று சொல்கிறோமே, அதை அங்குலக் கணக்கில் பார்க்க வேண்டுமானால் ஐரிஸைப் பாருங்கள்.

இப்போது கூட்டு வட்டிக் கணக்கு. ஒரு கிழங்கு வருஷத்துக்கு இரண்டு பக்கக் கிழங்கு விடுவதாக வைத்துக் கொள்வோம். நல்ல வெயிலில் மூன்று கூட விடும், இருந்தாலும் கணக்குக்கு இரண்டு. தாய்க் கிழங்கைத் தள்ளுபடி செய்துவிடலாம். நான் சொன்ன 38, முதல் வருஷ முடிவில் 76. இரண்டாம் வருஷம் 152. மூன்றாம் வருஷம் 304. அதாவது காண்டிராக்டர் 19,200 ரூபாய் வாங்கிக்கொண்டு இன்றைக்கே கொடுக்கிற கூட்டத்தை, ஐரிஸ் மூன்றே வருஷத்தில் கிட்டத்தட்ட இலவசமாகவே கொடுத்துவிடும். பாத்திக்கு 16,920 ரூபாய் மிச்சம்.

அந்த 320 என்ன ஆகும்? அதே கணக்கில் 640, 1,280, 2,560. சதுர அடிக்கு 32 விசிறி. ஏ4 தாள் ஒன்றரையை விரித்து வைத்தால் வருகிற இடத்தில் 32 வாள் விசிறிகளை எப்படி நிறுத்துவீர்கள்? நிற்காது. வளரவே வளராது. ஒன்றன் முதுகில் ஒன்று ஏறும். ஏறின கிழங்கின் வேர் மண்ணைத் தொடாது. அடியில் கிடக்கிற கிழங்குக்கு வெயில் கிடையாது. இலை மட்டும் மண்டும், பூ நின்றுவிடும்.

இது வெறும் பேப்பர் கணக்கு இல்லை. எங்கள் கீழ் பிளாக் முன்னால் நாலு வருஷம் முன்பு இதே முறையில் நட்ட ஒரு பாத்தி இருக்கிறது. இந்த மே மாதம் என் பெண்ணை விட்டு எண்ணச் சொன்னேன். முழுப் பாத்திக்கும் பதினொரு பூந்தண்டு! அதைப் பார்த்துக்கொண்டே போய்த்தான் அடுத்த பாத்திக்கு அரை அடி என்று ஓட்டுப் போட்டார்கள்.

மழையை மறந்துவிடக் கூடாது

ஐரிஸ் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ உட்கார்ந்து எழுதியவை. தாடி வைத்த உயர ரகத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டடி வரை இடைவெளி என்பார்கள். ஒரு அடி வைத்தால் சீக்கிரம் நிறையும், ஆனால் சீக்கிரமே தோண்டிப் பிரிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். நியாயமான பேச்சு. ஆனால் அவர்களுக்கு ஜூலை ஆகஸ்டில் நம்ம தென்மேற்குப் பருவமழை கிடையாது. சிம்லாவில் அந்த இரண்டு மாதம் துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, சுவரில் பூஞ்சை பூக்கும். நெருக்கமாக நட்ட பாத்தியில் இலைக்கு நடுவில் காற்றே போகாது. இலைப்புள்ளி வரும். அதைவிட மோசம் கிழங்கழுகல். ஈரோட்டு மஞ்சள்காரர்களுக்கு இந்த வார்த்தையைச் சொன்னாலே தூக்கம் போகும். ஐரிஸில் பாக்டீரியாவால் வருவது. கிழங்கு கொழகொழவென்று கூழாகி, நாற்றம் தாங்காது. ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடக்கிற பாத்தியில் ஒன்றுக்கு வந்தால் பக்கத்ததற்கும் போகும். ஒன்றரை அடி தள்ளி இருந்தால் அந்த ஒன்றைத் தோண்டி எறிந்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இடைவெளி என்பது காலி இடம் இல்லை, காப்பீடு. பிரீமியம் கூடக் கட்ட வேண்டாம்.

இன்னொன்று ஆழம். நம்ம ஊர்க்காரர்கள், அதிலும் எங்கள் கொங்கு நாட்டுக்காரர்கள், கிழங்கைப் பார்த்தால் மண்ணைப் போட்டு மூடிவிடுகிறார்கள். மஞ்சளுக்கு மண் அணைத்த கை, சும்மா இருக்குமா! என் அப்பிச்சி தோட்டத்தில் மஞ்சளுக்குப் பாருக்குப் பார் ஒன்றரை அடி, பாரில் அரை அடிக்கு ஒரு விதைக்கிழங்கு. அங்கே அது சரி. ஏனென்றால் வைகாசி ஆனியில் நட்டால் தை மாசியில் வெட்டி எடுத்துவிடுகிறோம். ஒன்பது மாதத்தில் கணக்கு முடிகிற பயிர். ஐரிஸ் அப்படி இல்லை, இருந்து வாழ வந்தது. குளத்தில் எருமை கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பு தண்ணீரில், முதுகு மட்டும் வெயிலில். ஐரிஸ் கிழங்கும் அப்படித்தான் கிடக்க வேண்டும். வேர் மண்ணில், முதுகு வெளியே.

நம்பிக்கை இல்லையென்றால் காஷ்மீரைப் பாருங்கள். அங்கே பழைய வீடுகளின் கூரையில் பூர்ஜ மரப்பட்டையைப் பரப்பி, அதன்மேல் மண் போட்டிருப்பார்கள். அந்தக் கொஞ்ச மண்ணில் டூலிப்பும் ஐரிஸும் பூக்கும். ஜப்பானில் ஓலைக்கூரையின் முகட்டில் வளர்த்த ஐரிஸ் ஒன்று உண்டு, அதன் லத்தீன் பெயருக்கே கூரையின் ஐரிஸ் என்றுதான் அர்த்தம். கூரை மேல் வாழ்கிற செடியை முக்கால் அடி ஆழத்தில் புதைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று புலம்பினால் எப்படி?

நம்ம பாட்டன்மாருக்குத் தெரிந்த கணக்கு

இடைவெளி என்பது ஏதோ வெள்ளைக்காரன் புத்தகத்து விஷயம் என்று நினைப்பவர்களுக்கு. நண்டு ஓட நெல்லு, நரி ஓடக் கரும்பு, வண்டி ஓட வாழை, தேர் ஓடத் தென்னை. கிராமத்தில் பிறந்த யாரும் இதைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. எந்தப் பயிருக்கு நடுவில் எது ஓட வேண்டும் என்று அளவுகோல் இல்லாமலே அளவு சொல்லிவிட்டுப் போனார்கள். ஐரிஸ் அவர்கள் பார்க்காத செடி. அதனால் இந்த வரிசையில் என் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறேன். பூனை ஓட ஐரிஸ். இரண்டு செடிக்கு நடுவில் ஒரு பூனை இலையில் உரசாமல் நடந்து போக வேண்டும். அவ்வளவுதான் அளவு. (குரங்கு ஓட என்று வைக்கலாமா என்று தங்கமணி கேட்டார். சிம்லாக் குரங்குக்கு இடைவெளி ஒரு பொருட்டே இல்லை என்பதால் நிராகரிக்கப்பட்டது.)

நெல்லிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. ஒற்றை நாற்று நடவு தமிழ்நாட்டுக்கு வந்தபோது, கால் மீட்டருக்கு ஒரே ஒரு இளம் நாற்று என்றதும் வயல் மொட்டையாகக் கிடக்கிறதே என்று வயிறு கலங்கினவர்கள் எத்தனையோ பேர். மடகாஸ்கரில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், ஹென்றி தெ லொலானியே, 1980களில் உருவாக்கின முறை அது. முதல் சில வாரம் பார்க்கப் பாவமாக இருக்கும். அப்புறம் அந்த ஒற்றை நாற்று தூர் கட்டிப் பரவும்போது இடைவெளி எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். செடிக்கு இடம் கொடுத்தால் அதுவே நிரப்பிக் கொள்ளும். நாம் நிரப்பினால் அதற்கு வேலையும் இல்லை, வழியும் இல்லை.

எதிர்க்கட்சி வாதங்கள்

ஒன்று. "வான்கோ வரைஞ்ச ஐரிஸ் படத்துல செடி நெருக்கமாத்தானே இருக்கு?" சத்தியமாக ஒருவர் கேட்டார். வான்கோ 1889 மே மாதம் சாங்-ரெமி மனநல விடுதியில் போய்ச் சேர்ந்த கையோடு, அங்கே ஏற்கெனவே பல வருஷமாக மண்டிக் கிடந்த தோட்டத்தைப் பார்த்து வரைந்த படம். பூத்த ஒரு வாரத்தின் படம் அது, நடவுக்கான வரைபடம் இல்லை. சொல்லப்போனால் அந்தப் படத்துக்கு வேறொரு கதை இருக்கிறது. 1987ல் ஏலத்தில் 5 கோடியே 39 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கின ஆஸ்திரேலியத் தொழிலதிபருக்கு ஏல நிறுவனமே பாதிப் பணத்தைக் கடனாகக் கொடுத்திருந்தது. அவரால் கட்ட முடியவில்லை. கடைசியில் 1990ல் கெட்டி அருங்காட்சியகம் வாங்கியது. நெருக்கமான ஐரிஸை ஆசைப்பட்டு வாங்கினவர் கதி இது :)

இரண்டு. "ஸ்ரீநகர் டூலிப் தோட்டத்துல கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கே?" டூலிப் என்பது வெங்காயம் மாதிரிக் குமிழ். அதை அங்கே வருஷா வருஷம் நடுகிறார்கள், எடுக்கிறார்கள். ஒரு சீஸனுக்கு என்றால் நெருக்கமாகத்தான் நட வேண்டும். கல்யாண மண்டபத்தில் நாற்காலியை நெருக்கிப் போடுவதைப் பார்த்துவிட்டு வீட்டு ஹாலில் அப்படிப் போடுவோமா?

மூன்று. "காலி இடத்துல களை வருமே?" வரும். கையால் பிடுங்குங்கள். 80 சதுர அடிக்கு வாரம் அரை மணி நேரம். நெருக்கமான பாத்தியிலும் களை வரும், ஆனால் கிழங்குகளுக்கு நடுவில் புல் வேர் பின்னிக்கொண்டால் அதை எடுக்க எந்தக் கையும் உள்ளே போகாது. கண்ணுக்கு நிறைவு வேண்டுமானால் இடைவெளியின் நட்ட நடுவில் நர்கிஸ் குமிழ் வையுங்கள். மார்ச்சில் பூத்துவிட்டு, ஐரிஸ் வருகிற சமயத்தில் இலை வாடி ஒதுங்கிக்கொள்ளும். முன் ஓரத்தில் பான்சி வைக்கலாம். ஐரிஸின் முதுகில் நிழல் விழாத எதுவும் சரி.

நான்கு. "நெருக்கமா நட்டா சரிவு மண்ணைப் பிடிச்சுக்கும்." இதைச் சொல்லும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2023 ஆகஸ்டில் சம்மர் ஹில் சிவன் கோவில் நிலச்சரிவைப் பார்த்த ஊர் இது. மேலாப்பில் வேர் விடுகிற ஐரிஸ் மேல்மண் கரைவதைக் கொஞ்சம் தடுக்கும். மலையைத் தடுக்காது. சரிவுக்குத் தேவை நல்ல டங்கா (இங்கே தாங்கு சுவருக்கு இதுதான் பெயர்), அதில் தண்ணீர் வெளியேறத் துளை, அடைபடாத சாக்கடை. கிழங்குக்கு மிச்சமாகிற பாத்திக்கு 16,920 ரூபாயை அந்தச் சாக்கடையில் போடுங்கள் என்று கூட்டத்தில் சொன்னேன். சாக்கடை போட்டோவுக்கு லைக் வராதே!

சரி, எப்படித்தான் நடுவது?

திட்டிவிட்டு மட்டும் போனால் தப்பு. அளவைச் சொல்லிவிடுகிறேன்.

மழை ஓய்ந்ததும், செப்டம்பர் கடைசி வாக்கில் நடுங்கள். குளிர் இறுகுவதற்குள் வேர் பிடிக்க ஒன்றரை மாதமாவது வேண்டும். தினம் ஆறு மணி நேரமாவது வெயில் விழுகிற இடம். தண்ணீர் தேங்கும் இடமென்றால் பாத்தியை அரை அடி உயர்த்துங்கள். இலையை அரை அடி விட்டு வெட்டிவிடுங்கள். குழியின் நடுவில் மண்ணைச் சின்ன மேடாக்கி, அதன்மேல் கிழங்கை உட்கார வைத்து, வேரை இரண்டு பக்கமும் இறக்கி மண் தள்ளி அமுக்குங்கள். முதுகு தெரிய வேண்டும். பச்சைச் சாணியைக் கொட்டாதீர்கள். இலைதான் கொழுக்கும், அழுகல் வரும்.

உயரமான ரகம் (இரண்டேகால் அடிக்கு மேல் வளர்வது) ஒன்றரை அடிக்கு ஒன்று, பின் வரிசையில். நடுத்தரம் ஒரு அடிக்கு ஒன்று. குட்டை ரகம் முக்கால் அடிக்கு ஒன்று, முன்னால். குட்டை முதலில் பூக்கும், உயரம் கடைசியில் பூக்கும், அதனால் பாத்தி பல வாரம் பூவோடு இருக்கும். வரிசைகளை நேருக்கு நேர் வைக்காமல் முக்கோணமாக மாற்றி வையுங்கள்.

திசை முக்கியம். கிழங்கு விசிறி இருக்கிற முனைப் பக்கமாகத்தான் நகர்ந்து வளரும். அதனால் எல்லா விசிறியும் ஒரே பக்கம் பார்க்கட்டும், ஒன்றின் மேல் ஒன்று மோதாது. கிழங்கின் மொட்டை முனை தெற்கே இருந்தால் குளிர்கால வெயில் அதன் மேல் விழும், சொந்த இலையே நிழல் போடாது.

பொறுமை இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒரே நிறத்தில் மூன்று கிழங்கை, விசிறி வெளிப்பக்கம் பார்க்க, ஒரு அடி முக்கோணமாக வையுங்கள். அடுத்த முக்கோணத்துக்கு இரண்டரை அடி தள்ளுங்கள். முதல் மே மாதமே ஒரு கொத்தாகத் தெரியும். மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை தோண்டி, பழைய தாய்க் கிழங்கை எறிந்துவிட்டு, வெளிப்பக்கத்துப் புதுக் கிழங்கை மட்டும் திரும்ப நடுங்கள். இது எந்த இடைவெளிக்கும் பொருந்தும். நெருக்கமாக நட்டவர்கள் இதை மூணு வருஷம் முன்னதாகவே செய்ய வேண்டியிருக்கும் என்பதுதான் வித்தியாசம்.

டெல்லி, நொய்டா பக்கம் இருக்கிறவர்கள் தாடி ஐரிஸை நம்பி இறங்க வேண்டாம். நவம்பரில் டச்சு ஐரிஸ் குமிழ் நடுங்கள், பிப்ரவரி மார்ச்சில் பூக்கும். அதை மூணு நாலு அங்குலத்துக்கு ஒன்று, நாலு அங்குல ஆழத்தில் தாராளமாக நெருக்கலாம். ஏனென்றால் அந்த ஒரு சீஸனோடு பெரும்பாலோர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பெங்களூரில் அலுவலக வாசல்களில் வைக்கிற வெள்ளைப் பூ ஆப்பிரிக்க ஐரிஸ். அது தூர் கட்டிப் பரவும், இரண்டடி விடுங்கள். எவ்வளவு நாள் இருக்கப் போகிறதோ அவ்வளவு இடம். விதி ஒன்றுதான்.

"நாம என்ன இங்கேயேவா இருக்கப் போறோம்?"

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன வாதம் எல்லாம் சும்மா மேல்பூச்சு. கூட்டத்தில் கடைசியாக வந்த வாதம் இதுதான். "நமக்கு மூணு வருஷம் போஸ்டிங் சார். மூணாவது வருஷம் பூத்தா யாருக்கு? இப்பவே பூக்கணும், நாம பார்க்கணும், போட்டோ எடுக்கணும், போகணும்."

இதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை. வங்கியில் இந்தப் புத்தி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மார்ச் 31க்குள் டார்கெட் முடிக்கக் கடனை அள்ளிக் கொடுப்பார் ஒரு மேனேஜர். அவர் இருக்கும் வரை கணக்கெல்லாம் பச்சைப் பசேல் என்று இருக்கும். பாராட்டுக் கடிதம் வாங்கி மாற்றலாகிப் போவார். அடுத்து வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து 90 நாள் ஆவதற்குள் ஒவ்வொன்றாக என்.பி.ஏ. ஆகும். திட்டு வாங்குவது யார்? வந்தவர். அரை அடி ஐரிஸும் அதே வேலைதான். பூ நமக்கு, அழுகல் அடுத்த குடும்பத்துக்கு.

நம்மைப் போல ஊர் விட்டு ஊர் போகிற குடும்பங்கள் இப்படிப் பேசலாமா? நாம் போகிற ஒவ்வொரு ஊரிலும், நமக்கு முன்னால் இருந்தவர் விட்டுப் போனதைத்தானே அனுபவிக்கிறோம். நாக்பூரில் எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில் பின்கட்டில் ஒரு கறிவேப்பிலை மரம். யார் வைத்தது என்று தெரியாது. ஆனால் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் இங்கே குடியிருந்திருக்கிறார். சுவரிலிருந்து நாலடி தள்ளி, வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்திருந்தார். அவர் இருந்த காலத்தில் அது முழங்கால் உயரம் கூட வந்திருக்காது. நாலு வருஷம் எங்கள் வீட்டுச் சட்டினிக்கும் ரசத்துக்கும் அந்த மரம்தான் கொடுத்தது. "எனக்கென்ன, நான் போகப் போகிறவன்" என்று அவர் நினைத்திருந்தால்? உங்களுக்கும் இப்படி ஒரு மரம் எங்காவது இருந்திருக்கும். போபாலில் ஒரு முருங்கை, புனேயில் ஒரு செம்பருத்தி. யோசித்துப் பாருங்கள்.

காஷ்மீரில் ஐரிஸைக் கபர்ஸ்தானில் நடுகிற வழக்கம் பழையது. போனவர்களுக்காக, இருக்கிறவர்கள் நடுகிற பூ. நட்டவரும் ஒரு நாள் போய்விடுவார், பூ நிற்கும். அந்தச் செடியை எடுத்து வந்து "என் மூணு வருஷத்துக்குள்ள பூத்துக் காட்டு" என்று மிரட்டுவது எனக்கு என்னவோ ஒப்பவில்லை.

அதனால் என் கோரிக்கை மூன்று. ஒன்று, கிழங்கு எண்ணிக்கைக்குக் காசு கொடுக்கிற காண்டிராக்டை ஒழியுங்கள். பாத்திப் பரப்புக்குக் கொடுங்கள், மூன்று வருஷப் பராமரிப்போடு. இரண்டு, வீட்டைக் காலி செய்யும்போது மீட்டர் ரீடிங், சாவி எல்லாம் எழுதிக் கொடுக்கிறோமே, அந்தத் தாளிலேயே ஒரு வரி சேருங்கள். ஐரிஸ் நட்டது எந்த வருஷம், பிரிக்க வேண்டியது எந்த வருஷம். மூன்று, பிரிக்கிற கிழங்கைக் குப்பையில் போடாமல் அடுத்த பிளாக்குக்குக் கொடுங்கள். இரண்டாம் முறை யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்காது.

கீழ் பிளாக் பாத்தியை வருகிற செப்டம்பரில் தோண்டிப் பிரிக்க அனுமதி வாங்கிவிட்டேன். இந்தத் தடவை ஓட்டெடுப்பு இல்லை, ஏனென்றால் செலவே இல்லை. 38 போக மிச்சம் நிறைய இருக்கும். சிம்லா, சோலன் பக்கம் இருக்கிற நம்ம மக்கள் பையோடு வாருங்கள். ஒரு வீட்டுக்குப் பத்துக் கிழங்கு, ஒன்றரை அடிக்கு ஒன்று வைப்பேன் என்று வாக்குக் கொடுப்பவர்களுக்கு மட்டும்.

பி.கு: ஐரிஸ் கிழங்கு இஞ்சி மாதிரி இருக்கும் என்று சொன்னேன். சமையலறைப் பக்கம் வைத்துவிடாதீர்கள். சாப்பிட்டால் வயிற்றைப் பதம் பார்த்துவிடும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் கவனம்.